வாப்பாவின் கடன் கொப்பி

கல்முனை பசாரில் எங்கள் வாப்பாவுக்கு ஒரு சிறிய புடவைக்கடை இருக்கிறது. மருதமுனைக் கைத்தறிச் சாரன்தான் அங்கே அதிகம் விற்கும். மாநகர சபைத் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டபோது, ஊர்ப் பெரியவர்கள் சிலர் கடைக்கு வந்து, “நம்மட வட்டாரத்துல நீங்க கேளுங்க” என்றார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

அந்தக் கிழமைதான் அரசறிவியல் பாடத்தில் 1931 ஆம் ஆண்டுத் தேர்தலைப் படித்திருந்தோம். டொனமூர் யாப்பின்படி, 21 வயது நிரம்பிய ஆண்களோடு பெண்களும் முதன்முதலாக வாக்களித்த தேர்தல் அது. அப்போது அம்பாறை மாவட்டம் உருவாகியிருக்கவில்லை. எங்கள் கரையோரம் மட்டக்களப்பு தெற்குத் தொகுதியில் இருந்தது. அத்தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவர் முகம்மது மாக்கான் மாக்கார். அவர் ஓர் இரத்தினக்கல் வியாபாரி. 1860 இல் காலியில் தொடங்கிய குடும்ப வியாபாரம் அது. 1924 இலேயே சட்டசபைக்குத் தெரிவானவர், 1931 இல் ஏழு அமைச்சர்களில் ஒருவராகிப் போக்குவரத்தையும் பொதுவேலைகளையும் பொறுப்பேற்றார். 1936 இல் அந்தச் சபையோடு அவருடைய அமைச்சர் பதவியும் முடிந்தது. 1938 இல் சேர் பட்டம் பெற்றார். 1952 இல் மௌத்தானார்.

இரவுச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் ஒப்புவித்துவிட்டு, “அவரும் யாவாரிதானே வாப்பா? நீங்க ஏன் கேக்கக் கூடாது?” என்றேன்.

வாப்பா எழுந்து போய்க் கடன் கொப்பியை எடுத்துவந்து என் முன்னே வைத்தார்.

“இதுல நம்மட வட்டாரத்து ஆக்கள்ர பேர்தான் கிடக்கு மகள். நான் வோட்டுக் கேட்டுப் போனா, அவங்க என்னைப் பாப்பாங்களா, இந்தக் கொப்பியப் பாப்பாங்களா? கடனுக்குப் பயந்து ‘ஓம்’ எண்டா, அது வோட்டா?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தூரத்தில் இரத்தினக்கல் விற்றவரின் கடன் கொப்பியில் எங்கள் ஊரவர் பெயர் ஏறியிருக்க வாய்ப்பில்லை. ஆனால் தூரத்திலிருந்து வந்தவருக்கு எங்கள் ஒழுங்கைகளில் மாரிமழைக்கு நிற்கும் வெள்ளம் எவ்வளவு தெரிந்திருக்கும்? அது வாப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் அவர் கேட்கவில்லை.

எனக்கு ஏமாற்றம்தான். அதை மறைக்கவில்லை. எனினும் வாக்கு ஓர் அமானிதம் என்பதை அன்றிரவுதான் விளங்கிக்கொண்டேன். அடுத்த வருடம் எனக்குப் பதினெட்டு வயது. வாக்குக் கேட்டு வருபவரிடம் நானும் கேட்பேன்: “உங்கட கொப்பியில யார்ர பேரெல்லாம் இருக்கு?”