பெயர்ப் பட்டியலும் கேட்கும் செவியும்

நண்பகல் உணவுக்குப் பின் சற்றே கண்ணயரும் வேளையில் தொலைபேசி ஒலிக்கிறது. மறுமுனையில் முன்பின் அறியாத ஒரு குரல். ஆயினும் அக்குரலுக்கு நம் பெயர் தெரிந்திருக்கிறது, ஊர் தெரிந்திருக்கிறது, சில வேளைகளில் வயதுகூடத் தெரிந்திருக்கிறது. ஆயுள் காப்பீடு பற்றி ஒரு நிமிடம் பேசலாமா என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் பேசத் தொடங்குகிறது. நாமும் சலிப்போடு இணைப்பைத் துண்டித்துவிடுகிறோம். அக்குரலுக்கு உரியவர் யார், எந்த நெருக்கடி அவரை அப்படிப் பேச வைக்கிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. நம் பங்கைச் சேர்ந்த காப்பீட்டு முகவர் ஒருவர், ஒரு நாள் மாலைத் திருப்பலி முடிந்தபின் நம் அறைக் கதவைத் தட்டும்வரை எண்ணிப் பார்த்ததில்லை.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அத்தொழிலில் இருப்பவர் அவர். தொடக்கத்தில் மிதிவண்டியிலும் பின்னர் மொபெட்டிலும் வீடு வீடாகச் சென்றவர். எந்த வீட்டில் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், எந்த வீட்டில் மகன் கல்லூரிக்குப் போகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு காலத்தில் அதுவே போதுமானதாக இருந்தது. 1956 செப்டம்பர் முதல் நாள், இருநூற்று நாற்பத்தைந்து காப்பீட்டு அமைப்புகளை ஒன்றிணைத்து ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியது. அதன்பின் பல்லாண்டுகள் இத்தொழில் அரசின் கையிலேயே இருந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் தனியார் நிறுவனங்களும் வந்தன, முகவர்கள் பெருகினர். உறவினரும் நண்பரும் தீர்ந்துபோன பின் புதிய பெயர்களுக்கு எங்கே போவது? அந்தத் தேவையிலிருந்து வேறொரு வணிகம் முளைத்தது. பெயரும் தொலைபேசி எண்ணும் கொண்ட பட்டியலை விலைக்கு விற்கும் வணிகம் அது. அப்படி விற்கப்படும் ஒவ்வொரு பெயருக்கும் 'லீடு' என்று பெயராம்.

நம் முகவரும் முந்நூறு பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலை வாங்கியிருந்தார். மடித்து மடித்துக் கசங்கிய அத்தாள்களை நம் மேசைமீது விரித்தார். இவர்கள் அனைவரும் தாமாகவே காப்பீடு வேண்டும் என்று கேட்டவர்கள் என விற்றவர் சொன்னாராம். எங்கே கேட்டார்கள் என்று இவர் வினவியபோது, எல்லாம் புதிய பெயர்கள் என்பது விடை. வேறு எத்தனை முகவர்களுக்கு இதே பட்டியல் போயிருக்கிறது என்று வினவியபோதும், எல்லாம் புதிய பெயர்கள் என்பதே விடை. "அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும் சாமி. மாசக் கடைசி, டார்கெட் முடியல. அவர் சொன்னது காதுல விழுந்துச்சு, மனசுல விழல" என்றார்.

முதல் நாளில் நாற்பது பேரை அழைத்திருக்கிறார். பலர், தாம் எதையும் கேட்கவே இல்லை என்றனர். சிலர், இந்த வாரத்தில் இது மூன்றாவது அழைப்பு என்று சினந்தனர். மாலையில் அவர் அழைத்த எண்ணை ஒரு பெண்மணி எடுத்தார். பட்டியலில் இருந்ததோ ஓர் ஆணின் பெயர். மனப்பாடம் செய்து வைத்திருந்த சொற்களை நம் முகவர் ஒப்பிக்கத் தொடங்கினார்: குடும்பத் தலைவருக்கு எதிர்பாராமல் ஏதேனும் நேர்ந்துவிட்டால் பிள்ளைகளின் நிலை என்ன என்று எண்ணிப் பார்த்தீர்களா? மறுமுனையில் ஏதோ ஒரு சொல் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. மீண்டும் அதே சொல். அப்போதும் நிறுத்தவில்லை. மூன்றாம் முறை அது தெளிவாகக் கேட்டது: "அவுக இறந்து எட்டு நாளாச்சு."

இதைச் சொன்னபோது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை; மேசைமீது கிடந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசக அன்பர்களே, இங்கே நம் தவற்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். அன்று ஏழரை மணிக்கு ஓர் அன்பியக் கூட்டத்துக்கு நாம் செல்ல வேண்டியிருந்தது. சுவர்க் கடிகாரத்தை இருமுறை பார்த்துவிட்டோம். அவர் சொன்னவரை கேட்டதுமே, எல்லாம் விளங்கிவிட்டதாக ஓர் எண்ணம். குருமடத்தில் கற்ற அறநெறிப் பாடமும் நாவில் தயாராக இருந்தது. பிறர் துயரில் வணிகம் தேடுவது தகாது, அந்தப் பட்டியலைக் கிழித்து எறியுங்கள், அந்தக் குடும்பத்தை இனித் தொந்தரவு செய்யாதீர்கள், அவர்களுக்காகச் செபியுங்கள். இவ்வளவையும் இரண்டு நிமிடங்களில் சொல்லி முடித்தோம். அவர் தலையசைத்தார். தாள்களை மடித்துக்கொண்டு எழுந்தார். கதவருகே சென்றவர் நின்று திரும்பினார்.

"சாமி, நான் சொல்ல வந்தது இன்னும் முடியல."

மறுமுனைப் பேச்சுக்குச் செவி கொடாமல் பாடத்தை ஒப்பித்த முகவருக்கு நாம் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தோம். அதே வேளையில், நாமும் நம் பாடத்தைத்தானே ஒப்பித்துக்கொண்டிருந்தோம்! வெட்கத்தோடு அவரை மீண்டும் அமரச் சொன்னோம்.

பிறகுதான் முழுவதும் தெரிந்தது. அன்றிரவே அவர் அந்த எண்ணை மறுபடி அழைத்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அப்பெண்மணி இணைப்பைத் துண்டிக்கவில்லை. இம்முறை இவரிடம் மனப்பாடச் சொற்கள் எவையும் இல்லை; ஆகையால் கேட்டுக்கொண்டே இருந்தார். கணவர் பொங்கல் சமயத்தில் ஒரு ஜவுளிக்கடைப் பரிசுக் குலுக்கலுக்காகப் பெயரும் எண்ணும் எழுதிப் போட்டதை அவர் சொன்னார். அந்தச் சீட்டுதான் காப்பீடு கேட்டவர் பட்டியலாக உருமாறியிருந்தது போலும். பிள்ளைகளின் படிப்பைச் சொன்னார், வண்டிக் கடனைச் சொன்னார். இடையே, போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார்: கணவர் பெயரில் ஒரு பாலிசி இருந்ததாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டும் தவணை. கடைசித் தவணையைக் கட்ட முடியாமல் போயிற்றாம். "அதுவும் போச்சு" என்றாராம்.

அந்த ஒரு சொல்லில் நம் முகவரின் செவி நின்றுவிட்டது. தவணை நாள் எது, இறந்த நாள் எது என்று மெல்லக் கேட்டார். இடைவெளி இருபத்திரண்டு நாட்கள்.

காப்பீட்டில் சலுகை நாட்கள் என்று ஒன்று உண்டு. மாதத் தவணை என்றால் பதினைந்து நாட்கள். மூன்று மாத, அரையாண்டு, ஆண்டுத் தவணை என்றால் முப்பது நாட்கள். தவணை செலுத்தப்படாவிடினும் அந்நாட்களுக்குள் பாதுகாப்பு நீங்குவதில்லை. அதற்குள் இறப்பு நேர்ந்தால், செலுத்த வேண்டிய தவணையைக் கழித்துக்கொண்டு மீதித் தொகையை வழங்க வேண்டும். இது அந்தப் பெண்மணிக்குத் தெரியாது. போய்விட்டது என்றே கருதி, பத்திரத்தைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டார்.

முகவர் நம்மிடம் கேட்க வந்தது இதைத்தான்: "நான் அந்த வீட்டுக்குப் போகலாமா சாமி? சாவு வீட்டுல பிஸ்னஸ் பார்க்க வந்திருக்கான்னு நினைச்சிருவாங்களோன்னு பயமா இருக்கு."

நாம் இரண்டு நிமிடங்களுக்கு முன் சொன்ன அறிவுரைப்படி அவர் வீடு திரும்பியிருந்தால், அக்குடும்பத்துக்கு உரிய பணம் பெட்டியின் அடியிலேயே கிடந்திருக்கும். போங்கள் என்றோம். அன்பியக் கூட்டத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகச் சென்றோம்.

அவர் சென்றார். பத்திரத்தைத் தேடி எடுக்க உதவினார். இறப்புச் சான்றிதழுக்கும் நியமனதாரரின் வங்கிக் கணக்கு விவரத்துக்கும் அலைந்தார். சில வாரங்களில் தொகை வந்து சேர்ந்தது. அந்தப் பாலிசி அவர் மூலம் எடுக்கப்பட்டதன்று; அந்த அலைச்சலுக்கு அவருக்குத் தரகு ஏதும் இல்லை. அவ்வீட்டில் அவர் புதிய பாலிசி எதையும் விற்கவுமில்லை.

ஆயுள் காப்பீட்டின் வரலாற்றைப் புரட்டியபோது ஒரு செய்தி நமக்கு வியப்பளித்தது. எந்தெந்த வயதில் எத்தனை பேர் இறக்கின்றனர் என்று கணக்கிட்டு, 1693இல் ஓர் அட்டவணையை வெளியிட்டவர் வானியல் அறிஞர் எட்மண்ட் ஹாலி. அதற்கான விவரங்களைப் பிரெஸ்லாவ் நகரில் திரட்டித் தந்தவர் காஸ்பர் நொய்மான் என்னும் லூத்தரன் போதகர். 1744இல் ஸ்காட்லாந்தில் ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இரு போதகர்களின் முயற்சியால், இறந்த போதகர்களின் மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் உதவ ஒரு நிதி உருவாயிற்று. எத்தனை போதகர்கள், எத்தனை கைம்பெண்கள், எத்தனை அநாதைகள் என்று நாடெங்கும் எழுதிக் கேட்டே அவர்கள் அதை வகுத்தனர். அவையும் பட்டியல்களே. ஆனால் அவற்றைத் தொகுத்தவர்கள் துயருற்ற வீடுகளை அறிந்தவர்கள். அறிந்தவர் எழுதும் பட்டியல் ஒன்று. அறியாதவர் விற்கும் பட்டியல் மற்றொன்று.

பட்டியல் விற்போர் அனைவரும் வஞ்சகர் என்று நாம் சொல்ல வரவில்லை. நம் முகவர் பின்னர் அந்த விற்பனையாளரிடமும் சினமின்றிப் பேசினார். அவரும் அப்பெயர்களை வேறொருவரிடம் வாங்கியவர்தாம்; பெயருக்கு இவ்வளவு என்று கூலி பெறும் இளைஞர். வாங்குவோர் உரிய கேள்விகளைக் கேட்க வேண்டும்: இவர் எங்கே, எப்போது, எதற்காகத் தம் எண்ணைத் தந்தார்? காப்பீட்டு முகவர் அழைக்கலாம் என்று இசைந்தாரா? வேறு எத்தனை பேருக்கு இப்பெயர் விற்கப்பட்டது? வணிக அழைப்புகள் வேண்டாம் என்று 1909 எண்ணில் பதிவு செய்தவர்களை இப்பட்டியலிலிருந்து நீக்கியாயிற்றா? 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உரியவரின் ஒப்புதலையே அடிப்படையாகக் கொண்டது. கேட்பதோடு நில்லாமல், விடையையும் செவிமடுக்க வேண்டும். கேள்வி மாறியும் விடை மாறாதிருப்பின், அங்கே உண்மை ஒளிந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அரசர் சாலமோன் இறைவனிடம் வேண்டியது ஞானம் என்று மறையுரைகளில் பன்முறை சொல்லியிருக்கிறோம். எபிரேய மூலத்தில் அச்சொற்கள் கேட்கும் இதயம் என்று பொருள்படும். இதையும் குருமடத்தில்தான் கற்றோம், தேர்விலும் எழுதினோம். அதன் பொருளை நமக்கு விளக்கியவர், கதவருகே சென்று திரும்பி நின்ற ஒரு காப்பீட்டு முகவர்.

அவர் சென்ற சில நாட்களுக்குப் பின் பங்குக் குடும்பப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினோம். அதுவும் பெயர்ப் பட்டியல்தானே! எந்தக் குடும்பம் ஆண்டுச் சந்தா கட்டவில்லை என்பது நமக்குத் தெரிந்திருந்தது. ஏன் கட்டவில்லை என்பது பல பெயர்களுக்கு எதிரே நமக்குத் தெரியவில்லை. வீடு மந்திரிக்கச் செல்லும்போது செபம், தீர்த்தம், ஒரு வாழைப்பழம், ஐந்து நிமிடம்; அடுத்த வீடு. இப்படியே ஆண்டுகள் கழிந்திருந்தன.

இப்போது வாரத்தில் இருநாள் மாலையில், கைக்கடிகாரத்தை மேசையிலேயே கழற்றி வைத்துவிட்டு இரண்டு வீடுகளுக்குச் சென்று வருகிறோம். அண்மையில் ஒரு முதியவரின் வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். மனைவியின் நோய், மகனின் மௌனம், விற்றுவிட்ட தென்னந்தோப்பு என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். விடைபெறும்வரை நாம் பேசியவை இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் இரா. வாசல்வரை வந்து வழியனுப்பிய அவர் நம் கையைப் பற்றிக்கொண்டு சொன்னார்: "இன்னைக்கு ரொம்ப நல்லாப் பேசினீங்க சாமி."