ஓட்டைக்கும் கூலி உண்டு

“தண்ணி நிக்கணும்னுதானே தம்பி எல்லாரும் தொட்டி கேப்பாங்க? நீங்க நிக்கவே கூடாதுங்கிறீங்களே!”

அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த பச்சைத் தொட்டியை இரண்டு கையிலும் ஏந்தியபடி அந்த அக்கா கேட்டார். கம்மாபுரத்தில் தகரக் கொட்டகை போட்ட சின்னப் பட்டறை. ஐந்து பெண்கள், சூளை பார்க்க ஒரு பெரியவர். கொலு பொம்மை, அகல் விளக்கு, ஊறுகாய் ஜாடி என்று விருத்தாசலம் வட்டாரத்தில் செய்வதையெல்லாம் இங்கேயும் செய்கிறார்கள். நான் போனது ஆர்க்கிட் செடிக்குத் தொட்டி செய்து வாங்க.

ஃபலனாப்சிஸ் என்று நர்சரிக்காரர்கள் சொல்லும் ஆர்க்கிட். பூ, அந்துப்பூச்சி சிறகை விரித்தாற்போல் இருப்பதால் 1825இல் புளூம் என்ற தாவரவியலாளர் இந்தப் பெயரை வைத்தார். இன்றைக்கு தைவானும் நெதர்லாந்தும் இதை வளர்த்து உலகத்துக்கெல்லாம் அனுப்புகின்றன. எனக்குப் பரிசாக வந்த இரண்டு செடியும் பளபளப்பான பீங்கான் தொட்டியில் வந்தன. அடியில் ஒரு துளைகூட இல்லை. மூன்றாம் மாதம் இலை தொய்ந்தது. தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் விட்டேன். கடைசியில் எடுத்துப் பார்த்தால் வேரெல்லாம் அழுகல். விரலால் உருவினால் மேல்தோல் கழன்று வந்து நூல் மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சியது. அந்த இரண்டையும் கொன்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

காட்டில் இது மண்ணைத் தொடாத செடி. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. மரத்தின் சாற்றை எடுப்பதில்லை, ஒட்டி இருப்பதோடு சரி. வேரைச் சுற்றிப் பஞ்சுபோல ஓர் உறை. மழையில் நனைந்தால் உள்ளிருக்கும் பச்சை தெரியும், காய்ந்தால் வெள்ளி நிறம். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைய வேண்டும். வேருக்கு வெளிச்சமும் வேண்டும் என்பதால்தான் வெளிநாட்டுப் பண்ணைகளில் கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் தொட்டியில் வளர்க்கிறார்கள். அதை வாங்குவது சுலபம். ஆனால் நம் வெயிலில் பிளாஸ்டிக் தொட்டி சூடேறி வேர் வெந்துபோகிறது. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறதோ அதே காரணத்தால் சுட்ட மண் தொட்டி வேரைக் குளிர வைக்கும். அதனால்தான் கம்மாபுரம்.

இந்தப் பக்கம் செராமிக் தொழில் வந்ததற்கு நெய்வேலிதான் காரணம். பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் கிடக்கிறது. 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கி நிலத்தைத் திறந்ததும் அந்த மண்ணும் மேலே வந்தது. களிமண், குவார்ட்ஸ், பெல்ஸ்பார் மூன்றையும் தண்ணீரோடு அரைத்து, சிலிகேட் கொஞ்சம் விட்டால், மோர்க்குழம்பு பதத்தில் ஒரு கூழ். ‘ஸ்லிப்’ என்கிறார்கள். அக்கா அதை பிளாஸ்டர் அச்சில் விளிம்புவரை ஊற்றினார். அச்சு தண்ணீரைக் குடிக்கக் குடிக்க உட்பக்கச் சுவரில் மண் ஒட்டிக் கனம் ஏறும். அவர் கடிகாரம் பார்க்கவில்லை. விளிம்பில் நகத்தால் கீறிப் பார்த்தார், அச்சைக் கவிழ்த்தார், மிச்சக் கூழ் வாளியில் இறங்கியது. மழைக்காலத்தில் அச்சு காயாது. ஐப்பசி, கார்த்திகையில் பாதி நாள் சும்மா உட்கார வேண்டியதுதான். எண்ணிக்கைக் கூலி என்பதால் அந்த நாட்களில் கையில் காசும் இல்லை.

துளை போடுவதுதான் நான் பார்க்க வந்த வேலை. ஈரமாக இருக்கும்போது போட்டால் மண் இழுத்துக்கொண்டு வரும். காய்ந்தபின் போட்டால் விரிசல் விடும். இடையில் ஒரு பதம் இருக்கிறது. அக்கா தொட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். “இன்னும் சில்லுன்னு இருக்கு” என்று கீழே வைத்தார். அரை மணி கழித்து மறுபடி கன்னத்தில். இப்போது சரி. பழைய குடைக் கம்பிக் குழாய் ஒன்றின் நுனியை ராவிக் கூராக்கி வைத்திருக்கிறார். இடது கை விரல்களை உள்ளே முட்டுக் கொடுத்து, வெளியிலிருந்து குழாயைத் திருகினார். சின்னக் காசு மாதிரி மண்வில்லை ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. நனைந்த ஸ்பான்ஜால் துளையின் ஓரத்தை உடனே நீவினார். ஒரு தொட்டிக்குப் பக்கவாட்டில் 18, அடியில் 4.

நான் முதலில் கேட்டது நீளவாக்கில் வெட்டு. “மூலை இருந்தா அங்கதான் விரிசல் பொறப்படும் தம்பி” என்று அப்போதே சொன்னார். நான் பிடிவாதம் பிடித்தேன். சூளையிலிருந்து வந்த பன்னிரண்டில் நான்கு மூலையோடு பிளந்திருந்தன. வட்டத்துக்கு மாறியது அதன் பிறகு. சுட்டால் மண் கொஞ்சம் சுருங்கும், அதற்கும் சேர்த்துப் பெரிதாகவே துளை போடுகிறார்.

ஒரு தொட்டியை அவர் முடிக்கும் நேரத்தில் பக்கத்தில் இருந்த பெண் நான்கு ஜாடிக்கு ஓரம் சீவி எடுத்து வைத்துவிட்டார். “இதுக்கும் ஜாடிக் கூலிதான்” என்று அக்கா சொன்னபோது எனக்குச் சங்கடமாகிவிட்டது. முதலாளியிடம் போய்ப் பேசினேன். “ஓட்டைக்குமா காசு?” என்று அவர் கேட்டது கேலியாக இல்லை, அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தொட்டிக்கு ஒரு விலை, துளைக்குத் தனியாகக் கணக்கு, அது நேரே அக்காவுக்கு என்று முடிவானது. மண்ணை எடுத்துப்போட்ட இடத்தில்தான் அவருடைய முப்பது வருடப் பழக்கம் இருக்கிறது. அதற்குக் கூலி தராமல் அந்தத் தொட்டியை நான் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

சூளைப் பெரியவரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கிளேஸ் போட்டு மினுக்காத பொருளை வெளியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. முதல் சூட்டில் வருவதை ‘பிஸ்கட்’ என்கிறார்கள். கிளேஸ் போட்டு மறுபடி சுட்டால் துளிக் காற்றும் நுழையாது. பிஸ்கட்டோடு நிறுத்தச் சொன்னேன். ஒரு சில்லை எடுத்து நாக்கில் வைத்துக் காட்டினார், ஒட்டிக்கொண்டது. “ஈரத்தை அப்படியே இழுக்கும், பாத்துக்குங்க” என்றார். பிஸ்கட் தொட்டியில் வேர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், மாற்றி நடும்போது கிழியும். கோடையில் தினமும் தண்ணீர் கேட்கும். அதையெல்லாம் ஏற்றுக்கொண்டுதான் வாங்கினேன். கொட்டகைக்குப் பின்னால் குவிந்து கிடந்த பிஸ்கட் உடைசலையும் ஒரு சாக்கு எடுத்துவந்தேன். இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பு நீக்கிய தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, இந்த உடைசல் மூன்றையும் கலந்து நிரப்பி, புதுச் செடி ஒன்றை நட்டேன். தண்ணீர் காலையில்தான் விடுகிறேன். நடுக்குருத்தில் தேங்கினால் துணியால் ஒற்றி எடுத்துவிடுகிறேன்.

பூ வேறு விஷயம். பூந்தண்டு விட, சில வாரங்களாவது வெப்பம் 25 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். எங்கள் பக்கம் அது மார்கழி, தை இரவுகளில்தான் கிடைக்கிறது, பகலில் கிடைப்பதில்லை. இலை புதிதாக இரண்டு வந்திருக்கிறது, அதுவே எனக்குப் போதும்.

போன வாரம் அக்கா போன் செய்தார். “பூத்துச்சா தம்பி?”

“இன்னும் இல்லக்கா. ஒரு ஓட்டை வழியா வேர் வெளிய வந்திருக்கு. நுனி பச்சையா இருக்கு, ஓட்டைய அடைச்சுக்கிட்டு நிக்குது.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“அப்ப சின்னதாப் போட்டுட்டேன். அடுத்த ஈட்டுக்கு வேற குழாய் பாக்குறேன்.”