நான் அடித்த முதல் கத்தி



தலைப்பைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இது வெட்டுக்குத்துக் கதை இல்லை, காய் நறுக்கும் கத்தியின் கதை. சென்ற மே மாத விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கொல்லுப்பட்டறையில் ஆளுக்கொரு கத்தி அடித்தோம். கத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரக் கூடாது. அதனால் எழுத்தில் கொண்டுவந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அருவாளே கிடையாது. தேங்காய் உரிக்க வேண்டும் என்றால்கூடப் பக்கத்து வீட்டுக்குத்தான் போவோம். நான் பிறப்பதற்கு முன்பு ஒரு தகராறில் என் தாய்மாமாவின் வலது கையில் வெட்டு விழுந்தது. இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்காது. அன்றிலிருந்து அம்மாவுக்கு அருவாளைக் கண்டாலே ஆகாது. காய் நறுக்க பிளாஸ்டிக் பிடி போட்ட ஒரு சின்னக் கத்திதான். பூசணிக்காயைக் கண்டால் அது வளைந்துவிடும்.

"பட்டறைக்குப் போறேம்மா" என்று சொன்னதும் அம்மா, "அந்த எடத்துல உனக்கு என்னடா வேலை? நம்ம வீடு பட்டது போதாதா?" என்று கேட்டார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்பாதான், "பெரிய மனுசர் பக்கத்துலதான இருக்கப் போறான், போயிட்டு வரட்டும்" என்று சொல்லி அனுப்பினார்.

பட்டறை என் நண்பனுடைய தாத்தாவுடையது. ஐம்பது வருடத்துக்கு மேலாக இரும்பு அடிக்கிறார். அவருடைய பிள்ளைகள் யாரும் இந்த வேலைக்கு வரவில்லை. நண்பனுக்கும் கம்ப்யூட்டர் படிக்கத்தான் ஆசை. நானும் அவனும், எங்கள் வகுப்பில் படிக்கும் இன்னொருவனும், நண்பனின் தங்கையும் சேர்ந்து போனது தொழில் பழக இல்லை, ஆசைக்குத்தான். ஆனால் தாத்தா அதை விளையாட்டாக விடவில்லை.

தாத்தா கேட்ட கேள்வி

முதல் நாள் போனவுடன் உலை மூட்டுவார் என்று பார்த்தோம். அவரோ எங்களை வரிசையாக உட்கார வைத்து, "என்ன வேலைக்கு?" என்று மட்டும் கேட்டார். எங்களில் ஒருவன், "சும்மா ஒரு கத்தி தாத்தா" என்றான். "சும்மாவுக்கெல்லாம் இரும்பு கெடையாதுப்பா" என்று சொல்லிவிட்டார்!

பிறகு விளக்கினார். நெல் அறுக்கிற பன்னருவாளுக்குப் பல் வேண்டும், வளைவு வேண்டும், கனம் வேண்டாம். கருவேல மரம் வெட்டுகிற அருவாளுக்குக் கனம் முன்பக்கம் நிற்க வேண்டும். ஆட்டுக்குக் குழை ஒடிக்கிற தொரட்டியை நீளமான கம்பு நுனியில் கட்டுவதால் அது சின்னதாக இருக்க வேண்டும். "வேலையச் சொன்னாத்தான் நீளம், கனம், வளைவு எல்லாம் வரும். வேலையச் சொல்லாதவன் கேக்குற பொருள நான் அடிக்கிறதே இல்ல தம்பி."

2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை, அருவாள் செய்யும் பட்டறைகளில் வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் எழுதி வைக்கச் சொன்னது. தாத்தாவிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் பெயர், முகவரிக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம், 'வேலை' என்று. "போலீஸ்காரங்க கேட்டது ரெண்டு. மூணாவது எங்க அய்யா காலத்துலயே கேட்டது" என்றார். எங்கள் பெயர்களும் அந்த நோட்டில் ஏறின. என் பெயருக்கு நேரே, 'அம்மாவுக்கு, காய் நறுக்க' என்று அவரே எழுதினார்.

உலையும் சம்மட்டியும்

எங்கள் கத்திகளுக்குப் பழைய லாரிப் பட்டைதான் இரும்பு. லாரியின் பாரம் தாங்குகிறதே, அந்த வில்பட்டை. கேட் செய்கிற சாதாரணக் கம்பி ஏன் ஆகாது என்று கேட்டோம். தாத்தா இரண்டையும் கிரைண்டரில் காட்டினார். கம்பியிலிருந்து பொறி நீளக் கோடாகப் போனது. பட்டையிலிருந்து வந்த பொறி நுனியில் கம்பி மத்தாப்பு போலப் பூப்பூவாக வெடித்தது. வேதியியல் பாடத்தில் படிக்கும் கார்பன்தான் காரணம். சாதாரணக் கம்பியில் கார்பன் கால் சதவீத அளவுக்குள் இருக்கும். வில்பட்டையில் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும். இந்தச் சின்ன வித்தியாசத்தால்தான் ஒன்று பதம் ஏறும், மற்றது ஏறாது.

சீமைக்கருவேல மரக்கரி போட்டு உலை மூட்டினோம். முன்பு துருத்தி இருந்த இடத்தில் இப்போது மின்சார ஊதுவான். பட்டை ஆரஞ்சு நிறமானதும் இடுக்கியால் எடுத்துக் கல்லில் வைப்பார். தாத்தா சின்னச் சுத்தியலால் எந்த இடத்தில் 'டிங்' என்று தட்டுகிறாரோ, நாங்கள் அந்த இடத்தில் சம்மட்டியை இறக்க வேண்டும். வெறும் கல்லில் தட்டினால் நிறுத்த வேண்டும். வாய் பேச்சே கிடையாது! நிறம் மங்கினால் திரும்பவும் உலைக்குள் போய்விடும். பத்து அடியில் என் தோள் கழன்றுவிடும் போல இருந்தது.

ஒரு விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. வாய்ப்பக்கம் தீட்டாக வருவதற்காக அடிக்கும்போது அந்தப் பக்கம் மட்டும் நீளும், முதுகு நீளாது. அதனால் கத்தி முதுகுப் பக்கம் வளைந்துகொண்டே போகும். தாத்தா இதைத் தெரிந்து, அடிப்பதற்கு முன்பே இரும்பை எதிர்ப்பக்கமாக வளைத்து வைத்தார். அடித்து முடித்தபோது அது தானாக நேராக நின்றது.

பதம்

பதம் போடுவதைக் காலையில் நிழலில்தான் செய்தோம். வெயிலில் இரும்பின் நிறம் சரியாகத் தெரியாது. நான் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டு போயிருந்தேன். இரும்பு ஏறக்குறைய 770 டிகிரி செல்சியஸில் காந்தத் தன்மையை இழக்கும். தாத்தா நிறத்தைப் பார்த்து "இப்ப" என்று சொல்லும்போது காந்தத்தைக் காட்டிப் பார்த்தேன். ஒட்டவில்லை! மூன்று தடவையும் ஒட்டவில்லை. அவர் தெர்மாமீட்டரைத் தொட்டதுகூட இல்லை.

வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுத்து, செங்கல் துண்டால் தேய்த்துப் பளபளப்பாக்கினோம். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெதுவாக வாய்க்கு இறங்கும்போது நிறங்கள் ஓடி வரும். முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். வைக்கோல் நிறம் வாயைத் தொட்டதும் முழுவதும் தண்ணீரில் போட வேண்டும். விட்டால் வாய் மழுங்கிப் போகும். அந்த நிறத்தை முதலில் கண்டுபிடித்தது நண்பனின் தங்கைதான். அதற்கப்புறம் எல்லாக் கத்திக்கும் அவள்தான் "இப்ப" சொன்னாள்.

ஒரு கத்தி மட்டும் தண்ணீருக்குள் 'டிக்' என்று சத்தம் போட்டு விரிந்துவிட்டது. அடித்தவன் முகம் வாடிப் போயிற்று. தாத்தா விரிசலைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே பழைய துரு இருந்தது. "உன் மேல தப்பு இல்லப்பா. லாரியில ஓடி ஓடி இந்தப் பட்டை ஏற்கெனவே களைச்சுப் போச்சு" என்று சொல்லி வேறு துண்டு கொடுத்தார். அவன் மறுபடியும் முதலிலிருந்து அடித்தான். நாங்கள் மூவரும் எங்கள் வேலையை நிறுத்திவிட்டு அவனுக்குச் சம்மட்டி போட்டோம்.

வீட்டில்

பிடி போட்டு, கல்லில் தீட்டி, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். நான்கு நாள் அது அங்கேயே இருந்தது. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். செய்தி தெரிந்து, "எங்கடா, காட்டு" என்றார். அம்மா வேண்டாம் என்பதற்குள் எடுத்துக் கொடுத்துவிட்டேன். பெருவிரலால் வாயைத் தடவிப் பார்த்தார். "வெங்காயத்தக் கொண்டாக்கா" என்றார். தரையில் உட்கார்ந்து, மடங்காத இரண்டு விரல்களையும் நீட்டிக்கொண்டே, கறிக்குழம்புக்கு அரைக்கிலோ வெங்காயத்தை நறுக்கி முடித்தார். அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வெங்காயம் என்பதால் எல்லார் கண்ணிலும் தண்ணீர். யார் எதற்கு அழுதார்கள் என்று எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது மாமா, "பிடி இன்னும் கொஞ்சம் தடியா இருந்தா என் கைக்கு வாகா இருக்கும்டா" என்றார். தாத்தாவின் நோட்டில் என் அடுத்த கத்தி எழுதியாகிவிட்டது: 'மாமாவுக்கு, தடித்த பிடி, வெங்காயம் நறுக்க.' பூசணிக்காயை அம்மா இப்போது என் கத்தியால்தான் அரிகிறார்.

நண்பர்களே, வரும் விடுமுறையில் தாத்தா இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வர விருப்பம் உள்ளவர்கள் வீட்டில் அனுமதி வாங்கி வாருங்கள். பருத்திச் சட்டை போட்டு வாருங்கள், நைலான் துணி உலைப் பொறியில் உருகி உடம்பில் ஒட்டும். பெரியவர் இல்லாமல் யாரும் தனியாக முயற்சி செய்ய வேண்டாம். முக்கியமாக, 'என்ன வேலைக்கு?' என்ற கேள்விக்குப் பதிலோடு வாருங்கள்.

தெரிந்து கொள்வோம்!

* ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வில் பழங்கால இரும்பு, எஃகு உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன.
* தென்னிந்தியாவின் 'உட்ஸ்' எஃகை மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்து 1819-இல் கட்டுரை வெளியிட்டார். ஆம், மின்சாரப் பாடத்தில் வரும் அதே ஃபாரடேதான்!
* தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் இன்றைக்கு 5,300 ஆண்டுகளுக்கு முந்தையது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது.
* சிவகங்கை மாவட்டத் திருப்பாச்சேத்தி அருவாளுக்குப் பெயர் பெற்ற ஊர்.

— பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்