காலேஜில் சேர்க்கும் முன்னால்...

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததுமே வீட்டுக்கு வீடு ஆலோசனை சொல்பவர்கள் முளைத்துவிடுகிறார்கள். "இன்ஜினீயரிங்கில் போடுங்க, கண்ணை மூடிக்கிட்டு வேலை" என்பார் ஒருவர். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு மதினி அவ்வளவு செலவு? ஏதாவது ஒரு டிகிரி இருந்தால் போதாதா?" என்பார் இன்னொருவர். படிக்கப் போகிற பிள்ளையை மட்டும் யாரும் கேட்பதில்லை!

எங்கள் குடும்பத்தில் அடுத்தடுத்து நாலு பிள்ளைகளைக் காலேஜில் சேர்த்தாயிற்று. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். காலேஜ் எவ்வளவு பெரிய பெயர் எடுத்தது என்பதெல்லாம் அப்புறம். நம் பெண் அங்கே நாள் தவறாமல் போய், படிப்பை முழுசாக முடிக்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. நடுவில் நின்றுபோன படிப்பு பாதி நெய்த புடவை மாதிரி. உடுத்தவும் உதவாது, விற்கவும் உதவாது.

முடிப்பதற்கு மூன்று விஷயம் வேண்டும். பிள்ளைக்குப் பிடித்த பாடம், போய் வர ஒழுங்கான வழி, கடைசி வருஷம் வரைக்கும் பணம். இதில் ஒன்று குறைந்தாலும் தள்ளாடிவிடும்.

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்தில் இந்த விஷயத்தில் குறை இல்லை. ராஜபாளையத்தில் ராஜுக்கள் கல்லூரி 1973-லிருந்து நடக்கிறது. பெண்களுக்கென்று ஏ.கே.டி. தர்மராஜா பெண்கள் கல்லூரி இருக்கிறது. டிப்ளமோ படிக்க பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக். கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் இன்ஜினீயரிங் கல்லூரியாக ஆரம்பித்த கலசலிங்கம், 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. (நிகர்நிலை என்றால் அரசாங்கக் கவுன்சிலிங்கில் வராது, சேர்க்கையும் கட்டணமும் தனி. இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.) இன்னும் தூரம் போகலாம் என்றால் மதுரையில் 1948-ல் தொடங்கிய லேடி டோக், 1953-ல் தொடங்கிய பாத்திமா இரண்டும் உண்டு. ஆனால் மதுரை என்றால் ஹாஸ்டல் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

என் இளைய பெண் கெமிஸ்ட்ரிதான் படிப்பேன் என்று நின்றாள். சரி, முதலில் பார்த்துவிட்டு வருவோம் என்று ப்ளஸ் டூ காலாண்டு லீவில் இரண்டு காலேஜுக்கு அழைத்துப் போனேன். பள்ளிக்கூடம் லீவு, காலேஜ் நடந்துகொண்டிருக்கும். அதுதான் பார்க்க ஏற்ற சமயம். மே மாதம் போனால் பூட்டின கட்டடத்தையும் வாசல் தோட்டத்தையும்தான் காட்டுவார்கள்.

போன இடத்தில் ஆபீஸில் நோட்டீஸ் வாங்கியதோடு நாங்கள் திரும்பிவிடவில்லை. மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டாம் வருஷப் பிள்ளைகளிடம் போய்ப் பேசினோம். "லேபில் நீங்களே செய்கிறீர்களா, ஸார் செய்து காட்டுவதோடு சரியா? பாடத்துக்கு ஆள் நிரந்தரமாக இருக்கிறார்களா, அடிக்கடி மாறுகிறார்களா? பாத்ரூமில் தண்ணீர் வருகிறதா? சாயங்காலம் எத்தனை மணி பஸ் கிடைக்கிறது?" எல்லாம் கேட்டோம். பிள்ளைகள் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள். ஒரு இடம் வேண்டாம் என்று என் பெண்ணே முடிவு செய்தாள். தானே பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் என்பதால், இன்றைக்கு மழை பெய்தாலும் லீவு போடுவதில்லை!

பஸ்ஸையும் ஒரு நாள் காலேஜ் நேரத்துக்கே ஏறிப் பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் வேண்டாம் என்று 2021-ல் வந்தது உண்மை. ஆனால் ஊர் விட்டு ஊர் போகிற பஸ் எல்லாம் டவுன் பஸ் இல்லை. எந்த பஸ், என்ன பாஸ் என்று விசாரித்து, மாதச் செலவை எழுதி வையுங்கள்.

அடுத்தது, இதை எல்லாரும் கவனிக்க வேண்டும். அவசரப்படுத்துகிறவர்களிடம் ஜாக்கிரதை! என் ஓரகத்தி வீட்டுக்கு ரிசல்ட் வந்த மூன்றாம் நாளே ஒருவர் வந்து, "இன்னும் நாலு சீட்தான் இருக்கு" என்று சொல்லி, ஒரு தனியார் கல்லூரியில் முன்பணமும் கட்டவைத்து, அசல் மார்க் ஷீட்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு கவுன்சிலிங்கில் அந்தப் பெண்ணுக்கு அரசுக் கல்லூரியிலேயே இடம் வந்தது. இங்கே சேர அசல் கேட்கிறார்கள். அங்கே "மொத்தப் பணத்தையும் கட்டினால்தான் தருவோம்" என்கிறார்கள். பிள்ளை அழுதுகொண்டே சாப்பிடாமல் கிடந்தது. நாலு தடவை அலைந்து, கடைசியில் விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்த பிறகுதான், சேர வேண்டிய கெடுவுக்கு முதல் நாள் கைக்கு வந்தது.

அந்த விதி இதுதான். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-ல் யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது. விலகினால் எந்தத் தேதிக்குள் விலகுகிறோம் என்பதைப் பொறுத்துப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். ஆகவே எதற்கும் ரசீது வாங்குங்கள். சான்றிதழ் ஒவ்வொன்றிலும் பத்து ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பண விஷயத்தில் நமக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம். குடும்பத்தில் யாருமே பட்டதாரி இல்லை என்றால், கவுன்சிலிங்கில் தொழிற்படிப்பு சேருகிற பிள்ளைக்கு முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. நானும் பத்தாவது, இவரும் பத்தாவது. அதனால் இன்ஜினீயரிங் சேர்ந்த மூத்தவளுக்கு அது கிடைத்தது. ஒரு பிள்ளை பட்டதாரி ஆகிவிட்டால் அடுத்த பிள்ளைக்குக் கிடையாது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். சேரும்போதே ஆபீஸில் கேட்டுவிடுங்கள். வருமானம், ஜாதி, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு ரிசல்ட் வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் மனுப் போட்டுவிட்டால் கடைசி நேரக் கூட்டத்தில் நிற்க வேண்டாம்.

சேர்ந்த பிறகு முதல் இரண்டு மாதம்தான் கஷ்டம். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் இங்கிலீஷில் பாடம் கேட்டுத் திகைத்துப் போவார்கள். "எனக்கு ஒண்ணும் புரியலைம்மா, நின்னுடட்டுமா?" என்று என் மூத்தவளும் கேட்டாள். அன்றன்றைய பாடத்தில் தெரியாத பத்து வார்த்தைக்கு அர்த்தம் எழுதி, ராத்திரி எனக்குத் தமிழில் பாடத்தைச் சொல்லிக்காட்டச் சொன்னேன். எனக்குப் பாதி புரியாது. ஆனால் சொல்லச் சொல்ல அவளுக்குப் புரிந்தது. தீபாவளி வரும்போது நிற்கிற பேச்சே இல்லை.

இன்னும் இரண்டு சொல்லி முடிக்கிறேன். வருகைப் பதிவு 75 சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுதவிட மாட்டார்கள். கல்யாணம், திருவிழா என்று பிள்ளையை அடிக்கடி நிறுத்துவது நாம்தான்; நாமே கட்டுப்பாடாக இருக்க வேண்டும். ராகிங் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டப்படி குற்றம். இரண்டு வருஷம் வரை ஜெயில் உண்டு. யு.ஜி.சி.யின் இலவசத் தொலைபேசி எண் 1800-180-5522. அதைப் பிள்ளையின் நோட்டில் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். "எது நடந்தாலும் அம்மாகிட்ட சொல்லு, படிப்பை நிறுத்திடுவேன்னு பயப்படாதே" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். அந்தப் பயத்தினாலேயே சொல்லாமல் தவிக்கிற பெண்கள் எத்தனையோ பேர்!