ரசீதில் ஒளிந்த எழுத்து

மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி ஒன்றில் 28 ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருபவன் நான். நீலகிரியிலிருந்து இறங்கும் மூட்டைகளின் எடையும் ஏல விலையுமன்றி வேறெதையும் எழுதிப் பழகாத கை இது. எனினும், சென்ற மாதம் எம் இல்லத்தில் நிகழ்ந்ததை வாசகச் சகோதர சகோதரிகளிடம் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் இளைய மகள் வணிகவியல் பட்டதாரி. கோவையில் ஒரு நிறுவனத்தின் நேர்காணலுக்குச் சென்றிருந்தாள். இவ்வேலையில் தனக்கு ஆர்வம் உண்டு என்று சொல்ல எண்ணி, 'ஐ ஆம் இன்ட்ரஸ்டிங்' என்று சொல்லிவிட்டாள். எதிரே அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தாராம். அதன்பின் அவளுக்கு நாவே எழவில்லை. அன்றிரவு சோற்றைத் தொடவில்லை. "இனிமேல் எந்த நேர்காணலுக்கும் என்னைப் போகச் சொல்லாதீங்க அத்தா" என்றாள்.

மறுநாள் ஃபஜ்ருத் தொழுகை முடிந்து வந்து அவளை அருகில் அழைத்தேன்.

"சலிப்பூட்டும் பேச்சு, சலிப்படைந்த மனிதர். இரண்டும் ஒன்றாம்மா?"

"எப்படி அத்தா ஒன்றாகும்?"

"ஆங்கிலமும் அதைத்தான் கேட்கிறது. ஊட்டுவதற்கு 'இங்', அடைவதற்கு 'எட்'. போரிங் பேச்சு, போர்ட் மனிதர். நீ 'இன்ட்ரஸ்டட்' என்றிருக்க வேண்டும். மற்றவர்க்கு ஆர்வமூட்டும் பெண் நான் என்று சொல்லி வந்திருக்கிறாய். அதுவும் பொய்யன்றே!"

இலேசாகச் சிரித்தாள். தமிழில் நாள்தோறும் பிழையின்றிப் பேசும் வேறுபாடுதான் இது. பள்ளியில் அதைத் தமிழோடு ஒப்பிட்டுச் சொல்லித் தந்தவர் எவருமில்லை.

உச்சரிப்பு அவளுடைய அடுத்த அச்சம். 'ஃபைல்' என்பதைப் 'பைல்' என்றும், 'ஸீரோ' என்பதை 'ஜீரோ' என்றும் நம்மில் பலர் சொல்கிறோம். அவ்வொலிகளுக்குத் தமிழ் நெடுங்கணக்கில் எழுத்தில்லை. ஆனால் மதரஸாவில் ஓதிய பிள்ளைக்கு அவை புதியனவா? அரபியின் 11ஆம் எழுத்தும் 20ஆம் எழுத்தும் அவைதாமே! சிறுவயதில் ஹஜ்ரத் உதட்டையும் பல்லையும் காட்டித் திருத்திய அதே ஒலிகளை ஆங்கிலத்தில் மட்டும் ஏன் நழுவ விடுகிறோம் என்று கேட்டேன். அவள் வியந்து, இரண்டையும் சொல்லிப் பார்த்தாள். பிழையே இல்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மண்டிக்குப் புறப்படுகையில், "அந்த ரிசிப்ட் புத்தகத்தை எடும்மா" என்றேன்.

"ரிசீட் அத்தா. அதில் 'பி' ஒலிக்காது."

28 ஆண்டுகளாக உரக்கச் சொல்லி வந்த சொல்! எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் அன்று மாலையே விசாரித்தேன். இலத்தீன் மூலத்தை நினைவூட்டவே பழைய அறிஞர்கள் அந்த எழுத்தை இடையில் செருகினார்களாம். கடனைக் குறிக்கும் 'டெட்' என்னும் சொல்லில் ஒலியாத 'பி' புகுந்த கதையும் அதுவே. எழுத்து ஏறியது, நாக்கு ஏற்கவில்லை. நாம் வழங்கும் 'ரசீது' ஆங்கிலத்தின் திரிபன்று என்றும், பாரசீகத்திலிருந்து வந்த தனிச்சொல் என்றும் அவரே விளக்கினார். இதைக் கூறியபோது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் திருப்பூரில் மற்றொரு நேர்காணல். விண்ணப்பத்தை அவளே எழுதி அனுப்பியிருந்தாள். "கசின் பிரதர் துணைக்கு வருவான் என்று சொல்லலாமா அத்தா?" என்று நேற்றுக் கேட்டாள். 'கசின்' மட்டும் போதும் என்றேன். அண்ணன், தம்பி, மச்சான் அத்தனை பேரையும் அந்த ஒரு சொல்லிலேயே அடக்கிவிடுகிறார்கள் ஆங்கிலேயர்.

"பாவம்" என்றாள்.