வழிப்போக்கரின் வில்

‘கலத்தல்’ என்னும் வினையடியிலிருந்து தமிழில் கிளைத்த சொற்கள் பல. கலவை, கலப்பு, கலப்படம், கலந்துரையாடல் என அவை விரியும். கடையில் வாங்கிய பருப்பில் கலப்படம் என்றால் முகம் சுளிக்கின்றோம். அறிஞர் கூடிக் கலந்துரையாடினர் என்றால் அகம் மகிழ்கின்றோம். வேர் ஒன்றே, விளைவு வேறு. கலையுலகிலும் இவ்விரு நிலைகளும் உண்டு. எது கலப்படம், எது கலந்துரையாடல் என்று பிரித்தறியும் தெளிவு மொழியும் இலக்கியமும் பயில்வோர்க்கு இன்றியமையாதது. அத்தெளிவினை யாம் முதலில் பெற்றது ஒரு நூலிலிருந்து அன்று. ஓர் ஒலிநாடாவிலிருந்து என்றால் வியப்பாக இருக்கலாம்.

இசை கேட்பது குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றுள் புகுந்து தீர்ப்புரைக்கும் தகுதி எமக்கில்லை. அஃது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. வயலின் என்னும் கருவியின் பயணத்தை மனித வரலாற்றின் ஒரு பக்கமாகவே ஈண்டு நோக்குகின்றோம்.

இரு வில்களின் உரையாடல்

ஆய்வு மாணவராய் இருந்த நாளில், செங்கல்பட்டில் நண்பர் ஒருவர் இல்லத்தில் அவ்வொலிநாடாவைக் கேட்டோம். 1984ஆம் ஆண்டு வெளிவந்த இசைத்தொகுப்பு அது. அதன் பெயர் ‘கான்வர்சேஷன்ஸ்’. ‘உரையாடல்கள்’ என்பது பொருள். உரையாடியவர் இருவர். ஒருவர், 1947இல் பிறந்த நம் வயலின் மேதை எல். சுப்ரமணியம். சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்று பட்டம் பெற்றும், இசையையே வாழ்வாகக் கொண்டவர். 2025இல் பத்ம விபூஷண் விருது பெற்றவர். மற்றவர், பாரிசு நகரில் 1908இல் பிறந்த ஸ்டெஃபான் கிராப்பெல்லி. அப்போது அவருக்கு அகவை எழுபத்தாறு.

இசை இலக்கணம் அறியாத எம் செவிக்கும் ஒன்று தெளிவாய்ப் புலப்பட்டது. ஒருவர் வில் நம் வீட்டுப் பெரியவர் பேசுவதுபோல் வளைந்து, குழைந்து, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு வழுக்கிச் சென்றது. மற்றவர் வில் சிறுவர் கல்லுக்குக் கல் தாவி ஓடையைக் கடப்பதுபோல் துள்ளிச் சென்றது. இருவரும் தத்தம் தாய்மொழியிலேயே பேசினர். எனினும் ஒருவர் கூற்று மற்றவர்க்கு விளங்கிற்று. ‘இஃது எவ்வாறு இயன்றது?’ என்னும் வினா எம்மை நெடுநாள் தொடர்ந்தது. விடை தேடிய வழியில் யாம் அறிந்தவற்றுள் சிலவற்றை மாணவச் செல்வங்களோடு பகிர்ந்துகொள்கின்றோம்.

தீயினின்று எழுந்த இசை

கிராப்பெல்லி இளமையிலேயே தாயை இழந்தவர். சிலகாலம் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவர். பாரிசு வீதிகளில் வயலின் இசைத்துப் பொருள் தேடியவர். அவரோடு இணைந்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கிதார் கலைஞர். பெல்ஜியத்தில் 1910இல் பிறந்த இவர், வண்டிகளையே வீடாகக் கொண்டு ஊர் ஊராய்ச் சென்ற மனூஷ் என்னும் நாடோடிக் குடியினர். 1928இல் இவருடைய குடியிருப்பு வண்டியில் தீப்பற்றியது. இடக்கையின் இரு விரல்கள் சுருங்கிச் செயலிழந்தன. எஞ்சிய விரல்களைக் கொண்டே புதியதொரு வாசிப்பு முறையை அவர் வகுத்துக்கொண்டார்.

1934இல் இவ்விருவரும் பாரிசில் அமைத்த ஐவர் குழு இசை வரலாற்றில் நிலைபெற்றது. மூன்று கிதார், ஒரு வயலின், ஒரு பெருநரம்புக் கருவி, அவ்வளவே. முழவு இல்லை, ஊதுகருவி இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்கள் படைத்த ஜாஸ் இசையை நாடோடி மக்களின் நரம்புக் கருவிகள் தமதாக்கிக்கொண்டன. தாளத்தையும் கிதாரின் வெட்டொலியே சுமந்தது. இதனை ‘ஜிப்சி ஸ்விங்’ என்று உலகம் அழைத்தது. ஸ்விங் என்பது ஊஞ்சல். யாப்பிலக்கணம் பயின்ற மாணவர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். ஒரு தட்டினை இரு சமக் கூறுகளாகப் பிரிக்காமல், முற்கூற்றை நெடிலாகவும் பிற்கூற்றைக் குறிலாகவும் ஒலித்தால் இசை ஊஞ்சலாடத் தொடங்கும்.

1939இல் உலகப்போர் மூண்டபோது குழுவினர் இலண்டனில் இருந்தனர். கிராப்பெல்லி அங்கேயே தங்கினார். ஜாங்கோ பிரான்சு திரும்பினார். அப்போரில் நாஜிகள், யூதரைப் போலவே, இந்நாடோடி மக்களையும் இலட்சக்கணக்கில் கொன்று குவித்தனர். ஐரோப்பா எவர் இசைக்கு ஆடி மகிழ்ந்ததோ, அவர்களையே கொலைக்களத்திற்கும் அனுப்பியது. ஜாங்கோ உயிர் தப்பினார், 1953இல் மறைந்தார். கிராப்பெல்லி 1997 வரை வாழ்ந்து இசைத்தார்.

ரபாப் முதல் மணலி வரை

இனி, அவர் கையிலிருந்த கருவி எவருடையது? இத்தாலியில் 16ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது வயலின். கிரிமோனா நகரின் அமாத்தி குடும்பத்தார் அதனைச் செய்வதில் பெயர் பெற்றனர். ஆயினும் வில்லால் நரம்பை மீட்டும் வழக்கம் ஐரோப்பாவிற்குக் கிழக்கிலிருந்தே சென்றது. அரபு நாட்டு ‘ரபாப்’ ஐரோப்பாவில் ‘ரெபெக்’ ஆயிற்று. வயலினின் முன்னோருள் அதுவும் ஒன்று. கி.பி. 950இல் மறைந்த தத்துவப் பேரறிஞர் அல்ஃபாராபி, இசை பற்றிய தம் பெருநூலில் ரபாபைப் பற்றி எழுதியிருக்கின்றார். அதே வயலின் பிற்காலத்தில் எகிப்திய இசைக்குழுக்களில் நுழைந்து அரபு இசை பேசலாயிற்று. பேத்தி பாட்டி வீடு திரும்பிய கதைதான் இது.

தமிழகத்திற்கு அது கப்பலேறி வந்தது. ஆற்காட்டு நவாபு முகம்மது அலி 1763இல் ஆங்கிலக் கம்பெனிக்கு அளித்த ஜாகீர் நிலமே பின்னர்ச் செங்கல்பட்டு மாவட்டமாயிற்று. அப்பழைய மாவட்டத்துள் அடங்கியது மணலி. அவ்வூர் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் தங்கியிருந்த பாலுசாமி தீட்சிதர் (1786–1859), கோட்டையில் ஒலித்த மேனாட்டு இசையைக் கேட்டு, ஐரோப்பியர் ஒருவரிடம் மூன்றாண்டுகள் வயலின் பயின்றார் என்பர். கருநாடக இசையில் வயலின் நுழைந்த வரலாறு அவரிடமிருந்தே தொடங்குகின்றது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு 1834இல் திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் தந்த வயலினைப் பரிசாகப் பெற்றார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. அது அயல்நாட்டுக் கருவி என்று எவரும் எண்ணுவதுமில்லை.

கலத்தலின் இலக்கணம்

இஃது எவ்வாறு நிகழ்ந்தது? தொல்காப்பியர் எச்சவியலில் வடசொல்லுக்கு ஒரு விதி வகுத்தார். வடசொல் தமிழில் வரலாம். ஆயின் தன் எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்பது அவ்விதி. தீட்சிதரும் அவர் வழிவந்தோரும் வயலினுக்குச் செய்தது அதுவே. மேனாட்டார் நின்றும் நாற்காலியில் அமர்ந்தும் மோவாய்க்கும் தோளுக்கும் இடையே அதனை இடுக்குவர். நம்மவர் சம்மணமிட்டு அமர்ந்து, அதன் தலையை வலக்கால் மீது ஊன்றினர். தாங்கும் சுமை நீங்கிய இடக்கை, கமகங்களுக்காக நரம்பின்மீது விரும்பியவாறு வழுக்கிச் செல்ல உரிமை பெற்றது. நான்கு நரம்புகளும் சட்சம் பஞ்சமம், சட்சம் பஞ்சமம் என நம் சுருதிக்கு இசைந்தன. கருவி மாறவில்லை, அமரும் முறை மாறிற்று. வந்த விருந்து நம் பாயில் அமர்ந்து உண்ணக் கற்றுக்கொண்டது.

உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் செய்ததும் இதனையே அன்றோ? அரபு நாட்டு வரலாற்றைத் தமிழ் விருத்தத்தில் அமர்த்தி, பாலை மண்ணுக்கும் நாட்டுப்படலம் பாடினார். அதனால் மார்க்கம் குறைந்ததா, தமிழ் தேய்ந்ததா? இரண்டும் வளம் பெற்றன என்பதே நாம் கண்ட உண்மை.

இரண்டாம் வகைக் கலப்பும் உண்டு. அதில் ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. இரண்டும் அருகருகே நின்று பேசும். சுப்ரமணியமும் கிராப்பெல்லியும் செய்தது அது. இது முன்னதினும் அரிது. கருநாடக இசையில் ஆதார சுருதி அசையாமல் நிற்க, இராகம் அதன்மேல் விரியும். ஜாஸிலோ அடித்தளமாகிய சுரக்கூட்டே நொடிக்கொரு முறை மாறும். ஒருவர் நிலத்தில் நடப்பவர். மற்றவர் படகில் நிற்பவர். கைகோத்து நடக்கவேண்டுமாயின் எங்கு விட்டுக்கொடுப்பது, எங்கு விடாது நிற்பது என்பதை இருவரும் அறிந்திருத்தல் வேண்டும். இருவர்க்கும் பொதுவாய் அமைந்தது, எழுதி வையாததை அந்நொடியிலேயே படைக்கும் கற்பனைத் திறன். நம்மவர் அதனை மனோதர்மம் என்பர்.

சுப்ரமணியத்தின் தம்பி எல். சங்கர் 1975இல் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளின், கடம் விநாயக்ராம், தபலா மேதை ஜாகிர் உசேன் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவில் இசைத்ததும், இளையராஜா 1986இல் ‘ஹௌ டு நேம் இட்’ என்னும் தொகுப்பில் தியாகராசரையும் பாக்கையும் ஒருங்கே நினைந்ததும் இவ்வழிப்பட்டனவே. இவர்கள் அனைவரும் தத்தம் மரபில் ஆழ வேரூன்றிய பின்னரே பிறர் முற்றத்தில் கால் வைத்தனர். தன்னை அறியாதவன் கலந்தால் கலப்படம். தன்னை அறிந்தவன் கலந்தால் கலந்துரையாடல். எம் வினாவிற்கு யாம் கண்ட விடை இதுதான்.

நீர்ப்பெயற்றுக் கரையில்

ஆயினும் விடை அங்கே முடியவில்லை. இக்கருவியைச் சுமந்து வந்தோர் பலரும் வழிப்போக்கர். வட இந்தியாவிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டுப் பாரசீகம் வழியாக ஐரோப்பா சென்றவரே ஜாங்கோவின் முன்னோர் என்பதை அவர்தம் மொழி காட்டிக்கொடுக்கின்றது. உருது அறிந்தோர் கவனிக்க: ரோமானி மொழியிலும் நீர் ‘பானி’, மூக்கு ‘நாக்’, காது ‘கான்’. எகிப்திலிருந்து வந்தோர் எனத் தவறாகக் கருதி ஐரோப்பியர் இட்ட பெயரே ‘ஜிப்சி’. 1971இல் இலண்டன் அருகே கூடிய அவர்தம் முதல் உலக மாநாடு ‘ரோமா’ என்னும் பெயரையே ஏற்றது. சுப்ரமணியத்தின் தந்தை வி. இலட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958இன் இனக்கலவரம் அக்குடும்பத்தையும் வேரோடு பெயர்த்துச் சென்னைக்கு அனுப்பியது.

நம் கரையிலும் இசைவழிப்போக்கர் நடந்திருக்கின்றனர். பெரும்பாணாற்றுப்படையின் பாணன், யாழைச் சுமந்து தொண்டைமான் இளந்திரையனை நாடிச் செல்லும் வழியில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் வருகின்றது. அது மாமல்லபுரமே என்பார் உளர். அப்பாடத்தை நடத்தியபின், சில ஆண்டுகளுக்கு முன் மாணவரை அக்கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம். பாசிமணி விற்ற நரிக்குறவ மூதாட்டியைக் கண்ட மாணவர் ஒருவர், “ஐயா, இவங்கதானே ஜிப்சிங்க?” என்று வினவினார். நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலியும் வடபுலத்து மொழிக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆயின் இருவரும் ஒரே குலத்தார் என்பதற்குச் சான்றில்லை என்று விளக்கினோம். கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டி, “நீங்க வாத்தியாரா சாமி? எம் பேரன் எட்டாவது வரைக்கும் போனான். அவன் பேரு யாருக்கும் தெரியல. ‘பாசிமணி, பாசிமணி’ன்னே கூப்பிட்டாங்க. நின்னுட்டான்” என்றார். எந்தப் பள்ளி என்று கேட்கும் துணிவு எம்முள் எவர்க்கும் இல்லை. “அவன் பேர் என்னம்மா?” என்று மட்டும் அம்மாணவர் கேட்டார். மூதாட்டி முகம் மலர்ந்து சொன்னார். அப்பெயரை மாணவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் வாழும் நரிக்குறவர், இருளர் குடும்பங்களை 2021 நவம்பர் 4ஆம் நாள் தமிழக முதலமைச்சர் நேரில் சென்று கண்டு, வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றும் வழங்கினார். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தால் நரிக்குறவர் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்றனர். சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே வந்த பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்பது எவர் கடமை? ஆசிரியராகிய எம் கடமை. உடன் பயிலும் நும் கடமை.

ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் இலக்கியம். ஸகாத் பெறுதற்குரியோர் எண்மருள் ‘இப்னுஸ் ஸபீல்’ எனப்படும் வழிப்போக்கரையும் திருமறை வைத்திருக்கின்றது. தமிழும் மார்க்கமும் இங்கே ஒரே சுருதியில் நிற்கின்றன. நாடோடியின் இசையைக் கேட்டு மகிழும் செவி, நாடோடிப் பிள்ளையின் பெயரையும் கேட்டு அறியவேண்டும். கல்வி என்னும் பரிசில் பெற்ற நம் மாணவர், அப்பிள்ளைகளுக்குப் பள்ளியின் வழி காட்டுவாராக. அதற்குரிய உள்ளத்தை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!