சாணி வண்டுக்கு ஒரு குல்லா

கம்பளிக் குல்லாவில் பூச்சி படம் போடணும்னா எல்லாரும் பட்டாம்பூச்சியைத்தான் போடுவாங்க. மிஞ்சிப்போனா தேனீ, பொன்வண்டு. நான் போட்டது சாணி வண்டு. முகம் சுளிக்காம கொஞ்சம் கேளுங்க.

எங்க பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா, ஆராய்ச்சிப் படிப்புக்கு ஸ்வீடன்ல லுண்ட் நகரத்துக்குப் போயிருக்கா. சாணியை உருட்டிக்கிட்டுப் போகுமே, அந்த வண்டைப் பத்தித்தான் ஆராய்ச்சி. பெரியப்பா இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. "பயாலஜில ஏதோ பண்றா"ன்னு பேச்சை மாத்திடுவார். ஒரு கல்யாண வீட்ல ஒருத்தர் விடாம கேட்டப்போ "கண்ணு பத்தின ஆராய்ச்சி"ன்னுட்டார். (முழுப் பொய்யும் இல்லை.. வண்டோட கண்ணு!) அக்கா பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தா. ஒண்ணும் சொல்லலை. ஊருக்குக் கிளம்புறவளுக்கு ஒரு குல்லா பின்னித் தரணும்னு ஏற்கெனவே நினைச்சிருந்தேன். பட்டாம்பூச்சி வேண்டாம்னு அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன்.

இந்த வண்டு லேசுப்பட்டது இல்லைங்க. சாணிக் குவியல்ல ஏகப்பட்ட வண்டுங்க மொய்க்கும். உருண்டை பிடிச்சதும் நேர்கோட்டுல ஓடிடணும். சுத்தி வளைச்சா இன்னொரு வண்டு வந்து பிடுங்கிக்கும். நிலா இல்லாத ராத்திரியிலயும் இது எப்படி நேரா போகுதுன்னு மரீ டாக்கேயும் அவங்க கூட்டாளிகளும் தென்னாப்பிரிக்காவில் சோதிச்சுப் பார்த்தாங்க. அட்டையில குட்டித் தொப்பி செஞ்சு வண்டு தலையில மாட்டி வானத்தை மறைச்சாங்க. வழி தெரியாம சுத்துச்சு. ஜோகன்னஸ்பர்க் கோளரங்கத்துக்குத் தூக்கிட்டுப் போய், பால்வீதியோட மங்கலான பட்டையை மட்டும் காட்டினாங்க. நேரா உருட்டிச்சு! 2013ல வந்த ஆய்வு இது. முதல்ல சிரிக்க வெச்சு அப்புறம் யோசிக்க வெக்கிற ஆய்வுகளுக்குக் கொடுக்குற இக் நோபல் பரிசும் அதே வருஷம் கிடைச்சுது. வண்டுக்கே தொப்பி போட்டிருக்காங்க, தொப்பியில வண்டு போட்டா என்ன?

பின்னல் எனக்குக் குன்னூர் அத்தை சொல்லிக்கொடுத்தது. கலர் பின்னல்ல ஒரு வரிசைக்கு ரெண்டு நூல்தான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்குற ஒரு குட்டித் தீவோட பேரை வெச்சு 'ஃபேர் ஐல்'னு சொல்வாங்க. ஒரு நூல் முன்னாடி கண்ணியா விழும்போது இன்னொண்ணு பின்பக்கம் சும்மா ஓடும். அதனால குல்லா ரெட்டைத் தடிமன் ஆகும். ஸ்வீடன் குளிருக்கு நல்லதுதானே.

படம் வரையறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. கிராஃப் தாள்ல கட்டம் சதுரம், கண்ணி சதுரம் இல்லை. மாதிரித் துண்டு பின்னி அளந்தா, 10 செ.மீ. அகலத்துக்கு 24 கண்ணி, அதே உயரத்துக்கு 28 வரிசை. 14க்கு 14 கட்டத்துல வட்டம் வரைஞ்சா, பின்னும்போது அமுங்கி முட்டை ஆயிடும். அகலம் 12, உயரம் 14னு தாள்ல ஒல்லியா வரைஞ்சாதான் குல்லாவுல 5 செ.மீ. உருண்டை வரும். வண்டுக்கும் இடைவெளிக்கும் இன்னொரு 12 கண்ணி. ஆக 24. அஞ்சு வண்டு சுத்தி வந்தா 120 கண்ணி, 50 செ.மீ. அக்கா தலைக்குக் கச்சிதம்.

12 கண்ணிக்கு ஒரே நிறம் போனா பின்னாடி 5 செ.மீ. நூல் தொங்கும், கம்மல்ல மாட்டும். அதனால பழுப்பு உருண்டைக்குள்ள அங்கங்கே மணல் நிறத்துல ஒரு கண்ணி வெச்சேன். சாணியில ஒட்டின வைக்கோல் மாதிரியே இருந்துது! வண்டு தலைகீழா நின்னு பின்னங்காலால உருட்டும். அந்தக் கால் ஒத்தைக் கண்ணிக் கோடு. அது எந்த வண்டுன்னு காட்டிக்கொடுக்குறதே அந்தக் கோடுதான்.

பழுப்பு நூல், தாத்தாவோட பழைய ஸ்வெட்டரைப் பிரிச்சது. கடையில கிடைக்குற அக்ரிலிக் வழுக்கும், கம்பளி ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும். மாடு வெச்சிருந்தவர், கோவிச்சுக்க மாட்டார் :-)

மேல்பாதி கருநீலம். பால்வீதி ஒரு பக்கம் மட்டும் குறுக்கே போகணும். அதுக்காக வெள்ளை நூலை ஒவ்வொரு சுத்தும் முழுக்க இழுத்துட்டு வர்றது வீண். பின்னி முடிச்சப்புறம் ஊசியால கண்ணி மேலேயே கண்ணியா வெள்ளையைத் தெச்சேன்.

கிளம்புறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை கொடுத்தேன். சென்னை வெயில்ல வேர்த்து ஊத்த ஊத்தக் கழட்டாம உட்கார்ந்திருந்தா. "என்னடா பூச்சி இது?"ன்னார் பெரியப்பா. நான் வாயைத் திறக்கலை. அக்காவே சொன்னா. சாணி, உருண்டை, பிடுங்குற வண்டு, அட்டைத் தொப்பி, பால்வீதி எல்லாத்தையும், வழியனுப்ப வந்த சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடி. பெரியப்பா குல்லாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ இந்த அஞ்சுல திருடன் எது?"